மறைந்த அங்கத்தவரின் கூட்டுறவுப் பங்கு யாருக்குச் சேரும்?

ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்து வாழ்ந்த கமக்காரர் ஒருவர் கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, கண்ணை மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிகின்றன. வந்தவர்கள் போன பின் பிள்ளைகள் அவருடைய பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். காணி உறுதிகளுக்கு நடுவே ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழும் ஒரு சேமிப்புப் புத்தகமும் இருக்கின்றன. "சில நூறு ரூபாய்தானே, இதற்காக யார் ஊருக்கு அலைவது?" என்று திரும்பவும் பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் புறப்பட்டுக் கொழும்பில் தங்கிவிட்ட பல குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல. ஆனால் பெட்டியை மூடுவதற்கு முன் சில விடயங்களை நாம் அறிந்திருக்க வேண்டும். முக்கியமாக, அந்த முப்பது நாட்களுக்குள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

பங்கு எங்கே இருக்கிறது?

"அப்பாவுக்குக் கூட்டுறவு வங்கியில் பங்கு இருந்தது" என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் ஊரில் நாம் கண்ட கிராமிய வங்கி, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு பகுதி. 1961 இல் மக்கள் வங்கி தொடங்கப்பட்டது. அதன் உதவியுடன் 1964 முதல் சங்கங்கள் கிராமிய வங்கிகளை நடத்தத் தொடங்கின. ஆகவே சேமிப்புக் காசு கிராமிய வங்கிப் புத்தகத்தில் இருந்தாலும், பங்கு சங்கத்திலேயே இருக்கிறது. சிக்கனக் கடனுதவு சங்கத்தில் சேர்ந்திருந்தால் பங்கும் சேமிப்பும் அந்தச் சங்கத்திலேயே இருக்கும். எந்தச் சங்கத்துக்கு எழுதுவது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம்.

யாருக்குச் சேரும்?

இதற்கு அடிப்படையாக உள்ளது 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். அங்கத்தவர் உயிரோடு இருக்கும்போதே, தமக்குப் பின் தமது பங்கு இன்னாருக்கு என்று பெயர் குறித்து எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் குறிக்கப்பட்டவரைப் பின்னுரித்தாளர் என்போம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அங்கத்தவர் ஒப்பமிட்ட எழுத்தாக அது இருக்க வேண்டும். சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டிலும் அது பதியப்பட வேண்டும். ஒரு பங்குக்கு ஒருவரையே குறிக்கலாம். பல பங்குகள் உள்ளவர் பலரைக் குறித்தால், யாருக்கு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும்.

எவரையும் குறிக்காமல் அங்கத்தவர் இறந்துவிட்டால் பங்கு அழிந்துபோவதில்லை. வாரிசு என்றோ சட்டப்படியான பிரதிநிதி என்றோ தமக்குத் தோன்றுபவருக்குச் சங்கத்தின் நிர்வாக சபை அதை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அப்போது விசாரணை கூடும், தாமதமும் கூடும். ஊரைவிட்டு வெகுதூரத்தில் இருக்கும் எமக்கு அது பெரிய சுமை.

சங்கம் சட்டப்படி ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், பின்னர் வேறொருவர் வந்து சங்கத்திடம் கேட்க முடியாது. சகோதரர்களுக்கிடையே பேசித் தீர்க்க வேண்டியதை, விண்ணப்பம் போடுமுன்பே பேசித் தீர்ப்பது நல்லது.

ஒரு மாதம் என்பது எதற்கு?

பலர் தவறாக விளங்கிக் கொள்ளும் இடம் இது. வரையறுத்த பொறுப்புள்ள சங்கத்தில், பின்னுரித்தாளர் அங்கத்தவராவதற்குத் தகைமை உள்ளவராயின் பங்கு அவர் பெயருக்கு மாற்றப்படும். அந்தத் தகைமை என்ன? வயது பதினெட்டு நிறைந்திருப்பதுடன், சங்கத்தின் எல்லைக்குள் குடியிருப்பது அல்லது அங்கே காணியை ஆண்டு அனுபவிப்பது என்பதே பொதுவான விதி. கொழும்பில் வாடகை அறையில் இருக்கும் மகனுக்கு இது இல்லை என்று சங்கம் சொல்லக்கூடும்.

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. தகைமையுள்ள வேறொருவரின் பெயரைக் குறிப்பிட்டு, பங்கை அவருக்கு மாற்றும்படி பின்னுரித்தாளர் கேட்கலாம். ஊருக்குத் திரும்பிவிட்ட சித்தப்பாவோ, அங்கேயே தங்கிவிட்ட அக்காவோ அப்படியொருவராக இருக்கலாம். ஆனால் இந்த விண்ணப்பம் அங்கத்தவர் இறந்து ஒரு மாதத்துக்குள் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முப்பத்தோராம் நாளுக்குப் பின்னர்தான் பெட்டியைத் திறக்கிறோம் என்றால் அந்த வழி கைநழுவிப் போயிருக்கும். துக்க வீட்டில் காசுப் பேச்சு வேண்டாம் என்று எண்ணுவது எமது வழக்கம்தான். ஆயினும் ஒரு கடிதம் எழுதுவதில் இறந்தவருக்கு அவமரியாதை எதுவும் இல்லை.

இந்த ஒரு மாதம் வேறொருவருக்கு மாற்றும்படி கேட்பதற்கு மட்டுமே. மாதம் கடந்துவிட்டது என்பதற்காகப் பின்னுரித்தாளரின் உரிமையோ சேமிப்புக் காசோ இல்லாமற் போவதில்லை. பிந்தியவர்களும் எழுதத்தான் வேண்டும். வரையறாப் பொறுப்புள்ள சங்கமாயின், பங்கின் பெறுமதியைக் காசாகத் தரும்படி பின்னுரித்தாளர் கேட்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

உபவிதிகள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், பங்கின் பெறுமதி அங்கத்தவர் அதற்குக் கட்டிய தொகையே. நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான். சேமிப்பு, வைப்பு முதலிய மற்றக் காசு இதற்குப் புறம்பாகக் கொடுக்கப்படும். இறந்தவர் சங்கத்துக்குக் கடன்பட்டிருந்தால் சங்கம் அதைக் கழித்துக் கொள்ளும். வெளியில் வட்டிக்குக் கொடுத்தவர்கள் கூட்டுறவுப் பங்கை நீதிமன்றத் தீர்ப்பின் மூலம்கூடப் பறிமுதல் செய்ய முடியாது.

காசு சிறிது என்றாலும் பங்கு சிறிது அல்ல. ஊர்ச் சங்கத்தில் வாக்கு, பயிர்க்கடன் பெறும் வாய்ப்பு, அந்த ஊரவர் என்பதற்கு ஓர் எழுத்துச் சான்று ஆகியன அதனோடு வருகின்றன. நாளைக்கு ஊருக்குத் திரும்பித் தோட்டம் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு இவை உதவும்.

என்ன செய்ய வேண்டும்?

1. மரணச் சான்றிதழின் பிரதிகள் சிலவற்றை எடுத்து வைக்கவும். மரணம் நிகழ்ந்த இடத்திலேயே அது பதியப்படும். கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் பதிவு கொழும்பில்தான் இருக்கும்.

2. பங்குச் சான்றிதழ், சேமிப்புப் புத்தகம், இருவரின் அடையாள அட்டைகள், உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் போட்டோப் பிரதிகளைச் சேர்க்கவும். மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

3. பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கவும்.

4. வதிவிடத்துக்குக் கிராம அலுவலரின் கடிதம் பெறவும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்தையும் சேர்ந்தவை.

5. சங்கத்தின் தலைவருக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தவும். பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளது, உபவிதிப்படி தகைமை என்ன என்ற இரண்டையும் கேட்கவும்.

சங்கம் இப்போது இயங்குகிறதா என்று தெரியாவிட்டால், அந்த மாவட்டத்தின் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கு எழுதலாம். இறந்த அங்கத்தவரின் வழியாக உரிமை கோருபவருக்கும் சங்கத்துக்கும் பிணக்கு ஏற்பட்டாலும் அதைத் தீர்ப்பது அந்தத் திணைக்களமே.

அங்கத்தவர் காணாமற்போனவராயின் நிலைமை வேறு. காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவதற்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. மரணம் என்று எழுத மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, அவர் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் கூறும் சான்றிதழை 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. பங்குக்காக எவரும் மரணச் சான்றிதழ் எடுக்கும்படி உங்களை நெருக்கக் கூடாது. அதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேட்போம்: "அப்பு, உங்கடை சங்கப் பங்குக்கு ஆற்றை பேர் குடுத்திருக்கிறியள்?" முன்பு குறித்தவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம். உயிரோடு இருக்கும்போது அதை மாற்றி எழுத ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும் போதும்.