ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலையா? 'போர்டு போயிருச்சு'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி...

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுத்துது, கீபோர்டில் லைட்கூட எரியுது. ஆனா மானிட்டரில் 'நோ சிக்னல்'. உடனே பழி மதர்போர்டு மேலதான் விழும். பல நேரங்களில் அது நிரபராதி!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்பே, மதர்போர்டு ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ், ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் சோதிக்கும். இப்போதைய போர்டுகள் பலவற்றில் இதற்கென நான்கு குட்டி எல்இடி இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, சிக்கல் அங்கேதான். பழைய போர்டு என்றால் பீப் சத்தம். அதன் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பாருங்க.

அதிகம் சொதப்புவது ரேம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்க, மிச்ச மின்சாரம் வடிஞ்சிடும். பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும், 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டி ஆன் செய்யுங்க. வரலைன்னா ஸ்லாட்டை மாத்துங்க, அடுத்து ரேமை மாத்துங்க. ரேமின் தங்க நிற முனையை ரப்பரால் துடைப்பது கடைக்காரர்களின் பழைய வைத்தியம். தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கணும், அவ்வளவுதான்.

புது டிடிஆர்5 ரேம் போட்டிருந்தால் பொறுமை தேவை. முதல்முறை ஆன் செய்யும்போது ஸ்கிரீன் சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம்.

ப்ராசஸருக்கான தனி பவர் கேபிள் கழன்றிருந்தாலும் ஃபேன் மட்டும் சுத்தும். கிராபிக்ஸ் கார்டு இருந்தும் ஹெச்டிஎம்ஐ கேபிளை போர்டில் செருகுபவர்களும் உண்டு!

அடுத்தது, காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி. பிளக்கைக் கழற்றிய நிலையிலேயே அதை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு மாட்டினால் பயாஸ் செட்டிங்ஸ் பழைய நிலைக்குத் திரும்பும். இங்கேதான் உஷார். பிட்லாக்கர் ஆனில் இருந்தால், இதற்குப் பிறகோ போர்டை மாற்றிய பிறகோ விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது இல்லாவிட்டால் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் ஃபைல்களைத் திறக்க முடியாது. பலருக்கு அந்த கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் மொபைலில் லாகின் செய்து பாருங்க.

கருகிய வாசனை, உப்பிய கெப்பாசிட்டர், சாக்கெட்டில் வளைந்த பின் கண்ணில் பட்டால் அதோடு நிறுத்திடுங்க. பவர் சப்ளையை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும். கடைக்குப் போகும்போது பில்லையும் எடுத்துட்டுப் போங்க, பல போர்டுகளுக்கு 3 ஆண்டு வாரன்ட்டி உண்டு.