காணாப் பொருளை நிறுத்தல்

ஒளி வீசாத பொருளின் திணிவை அளத்தல் எங்ஙனம்? இவ்வினா 1933இல் வலுவுற எழுந்தது. கோமா எனும் உடுமண்டலக் கொத்தினை ஆராய்ந்த பிரிட்ஸ் சுவிக்கி, விரைந்தோடும் அதன் உறுப்புக்களைப் பிணித்து வைத்தற்குக் காணப்படும் உடுக்களின் ஈர்ப்புப் போதாதெனக் கண்டார். உடுமண்டலங்கள் ஒளியை வளைத்தலைக் கொண்டே அவற்றின் திணிவை அறியலாமென 1937இல் அவரே எடுத்துரைத்தார்.

திணிவின் அருகே செல்லும் ஒளி வளையுமென்பது ஐன்ஸ்டைன் கொள்கை. 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவைகள் அதற்குச் சான்றாயின. ஆகவே, கொத்தொன்று தனக்கு அப்பாலுள்ள உடுமண்டலங்களின் உருவைத் திரிக்கும் வில்லையாகின்றது. அவ்வுருக்கள் கொத்தின் நடுவைச் சூழ்ந்த வட்டங்களின் வழியே சற்று நீண்டு தோன்றும். ஆயின், அந்நீட்சி பெரும்பாலும் நூற்றுக்குச் சில பங்கேயாம். உடுமண்டலங்கள் இயல்பாகவே நீள்வட்டமாயிருத்தலின், ஒன்றைத் தனியே நோக்கின் அது புலப்படாது. பலவற்றின் சராசரியை எடுப்பின், பல திசை நோக்கிய இயல்பு நீட்சிகள் ஒன்றையொன்று நீக்க, ஈர்ப்பு விளைத்த நீட்சி எஞ்சும். அதனையும் தூரங்களையும் கொண்டு திணிவு கணிக்கப்படும். 1990இல் டைசன் முதலியோர் இம்முறையைக் கொத்துக்களிற் கையாண்டனர்.

துப்பாக்கிச் சன்னத்தின் பெயரால் வழங்கும் கொத்துப்பற்றிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஆங்கு இரு கொத்துக்கள் மோதியபின், சாதாரண சடப்பொருளிற் பெரும்பகுதியாகிய வெப்பவாயு பின்தங்கியது. திணிவின் பெரும்பங்கோ உடுமண்டலங்களுடன் அப்பாற் சென்றிருந்தது. காணாப் பொருள் யாதென்பது இன்னும் விளங்கவில்லை. எனினும், அது எங்குளது, எத்துணையளவினது என்பதை வளைந்த ஒளி காட்டுகின்றது.