டீசலுக்குள் ஊற்றும் போத்தல் மருந்து: யாருக்கு லாபம்?

லிங்கநகர், சீனக்குடா, கந்தளாய் என்று திருகோணமலையைச் சுற்றி ஓடும் லொறிகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மாவும் சீமெந்தும் நெல்லும் மீனும் இந்த லொறிகளில்தான் ஹபரணை கடந்து வெளியூர்களுக்குப் போகின்றன. லொறி ஒரு நாள் நின்றால் சாரதிக்கும் உதவியாளருக்கும் அன்றைய கூலி இல்லை. டீசல் பம்ப் பழுதானாலோ, கடன் தவணையும் தவறிவிடும்.

லொறி புகைக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, டீசல் அதிகம் குடிக்கிறது என்ற கவலையோடு உதிரிப்பாகக் கடைக்குப் போகிறோம். அங்கே ஒரு சிறு போத்தல் கண்ணில் படுகிறது. 'தாங்கியில் ஊற்றுங்கள், டீசல் மிச்சமாகும், புகை நிற்கும், எஞ்சின் புதிதாகும்' என்கிறார்கள். இதனை 'அடிட்டிவ்' என்றும் சிலர் 'டீசல் மருந்து' என்றும் அழைக்கின்றனர். மருந்து என்றால் முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டாமா?

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளே இழுக்கப்படும் காற்று ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு நெருக்கப்படுகிறது. அதனால் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய காற்றினுள் நொசில் வழியாக டீசல் மிக நுண்ணிய தூறலாகப் பாய்கிறது. உடனே தானாகத் தீப்பற்றுகிறது.

நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் இவ்வாறு பாயும் டீசலில் 100க்கு 98 பங்குக்கு மேல் எரிந்துவிடுகிறது. பெரும் நட்டம் எரியாத டீசலால் வருவதில்லை; புகைக்குழாய் வழியாகவும் ரேடியேற்றர் வழியாகவும் வெளியேறும் வெப்பத்தால் வருகிறது. எந்தப் போத்தலும் அந்த வெப்பத்தைப் பிடித்துத் தராது. ஆகவே சுகமான எஞ்சினில் போத்தலால் 10 வீதம், 20 வீதம் மிச்சம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். நோயுள்ள எஞ்சினாக இருந்தால், நோயைத்தான் தேட வேண்டும்.

போத்தலுக்குள் இருப்பது என்ன?

எல்லாப் போத்தல்களும் ஒன்றல்ல. முக்கியமாக நான்கு வகைகள் உள்ளன.

முதலாவது, நொசில் சுத்தமாக்கி. நொசில் வாயில் கரி படிந்தால் தூறல் கெட்டு டீசல் துளித்துளியாக விழும். கரியைச் சிறிது சிறிதாகக் கரைக்க இது உதவலாம். ஆனால் தேய்ந்துபோன நொசிலை இது திருத்தாது.

இரண்டாவது, தீப்பற்றலை விரைவாக்கும் திரவம். டீசல் எவ்வளவு விரைவில் பற்றுகிறது என்பதைச் சீற்றேன் எண்ணால் அளப்பார்கள். ஐரோப்பிய தரத்தில் இது குறைந்தது 51 ஆக இருக்க வேண்டும். தரம் குறைந்த டீசலில் இத்திரவம் தட்டல் சத்தத்தையும், காலையில் வரும் வெண்புகையையும் குறைக்கும். தரமான டீசலில் பெரிய மாற்றம் தெரியாது.

மூன்றாவது, வழுக்கும் தன்மை தருவது. டீசல் பம்புக்கு அந்த டீசலே மசகு. கந்தகத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பில் இத்தன்மையும் குறைகிறது. சுவீடனில் 1991இல் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது பம்புகள் பழுதாகின. அதன் பின்னர் இச்சேர்மானத்தை டீசல் விற்பனைக்கு வருமுன்னரே கலப்பது வழக்கமாயிற்று. அவ்வாறு கலந்து வரும் டீசலுக்கு நாம் மீண்டும் பணம் கொடுத்து ஊற்றத் தேவையில்லை.

நான்காவது, தண்ணீரைக் கையாள்வது. இதில்தான் மிகுந்த கவனம் தேவை.

தண்ணீரே முதல் எதிரி

சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட பெரும் எண்ணெய்த் தாங்கிகளானாலும், எமது வீட்டு முற்றத்துப் பீப்பாயானாலும் விதி ஒன்றுதான்: டீசலை விடத் தண்ணீர் பாரமானது, அடியில் தங்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்று பாதி வெறுமையான லொறித் தாங்கியினுள் இரவில் குளிர்ந்து நீராகிறது. மாரி காலத்தில் இது இன்னும் அதிகம். அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய வழுவழுப்பான சேறாகிப் பில்டரை அடைக்கின்றன.

சில போத்தல்கள் தண்ணீரை டீசலிலிருந்து பிரித்து அடியில் விழச் செய்கின்றன. அதனைத் திறந்து வெளியேற்றலாம். வேறு சிலவோ தண்ணீரைப் பொடித்துளிகளாக்கி டீசலோடு கலந்துவிடுகின்றன. தாங்கியில் அதிக தண்ணீர் இருக்கையில் இந்த இரண்டாம் வகையை ஊற்றினால், பில்டரில் நிற்க வேண்டிய தண்ணீர் பம்புக்கும் நொசிலுக்கும் போய்விடும். பம்பின் உட்பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பிலும் பல மடங்கு குறைவு. அங்கே தண்ணீர் போனால் துருவும் தேய்வும்தான் மிச்சம்.

மண்ணெண்ணெயும் பெற்றோலும்

2022இல் நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது. அவ்வாண்டு யூன் இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபா. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட் மாதம் 340 ரூபாவாக உயரும்வரை 87 ரூபா. வரிசையில் நாட்கணக்காக நின்ற சாரதிக்கு மண்ணெண்ணெய் கலக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் மண்ணெண்ணெய் டீசலை விட மெல்லியது, வழுக்கும் தன்மையும் குறைந்தது. அது பம்பைத் தேய்க்கிறது, இழுவையையும் குறைக்கிறது. லீற்றரில் மிச்சம் பிடித்த ரூபாவைப் பின்னர் பம்ப் திருத்துபவரிடம் சேர்த்துக் கொடுக்க வேண்டி வரும்.

பெற்றோல் கலப்பது அதைவிட ஆபத்து. அதன் ஆவி சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும். பெற்றோல் கலந்த டீசல் தாங்கி, நடமாடும் வெடிகுண்டு.

கணக்குப் பார்ப்போம்

உங்கள் லொறி லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். 80 லீற்றரில் 320 கிலோமீற்றர். போத்தலின் விலை 2 லீற்றர் டீசலின் விலைக்குச் சமமானால், அந்த 2 லீற்றரில் நீங்கள் 8 கிலோமீற்றர் ஓடியிருக்கலாம். எனவே போட்ட காசு திரும்பி வருவதற்கே 328 கிலோமீற்றர் ஓட வேண்டும். அதற்கு மேல் ஓடினால்தான் லாபம்.

ஆனால் பாரம் கூடிக் குறைவதாலும், எதிர்க்காற்றாலும், ரயரில் காற்றுக் குறைவதாலும் வரும் வித்தியாசமே 8 கிலோமீற்றரை விட அதிகம். ஒரு தாங்கி ஓடிப் பார்த்து 'பலன் தெரிகிறது' என்று சொல்வது மனத்தின் கணக்கு, கொப்பியின் கணக்கு அல்ல. ஒரே பாதையில், ஒரே அளவு பாரத்தோடு, போத்தல் இல்லாமல் ஐந்து தாங்கியும் போத்தலோடு ஐந்து தாங்கியும் ஓடி, ஒவ்வொரு முறையும் முழுமையாக நிரப்பி எழுதி வைத்தால்தான் உண்மை தெரியும்.

புகை சொல்லும் செய்தி

புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் போத்தல் ஊற்றுபவர்கள் உண்டு. முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். கரும்புகை: காற்றுப் போதாது அல்லது டீசல் அதிகம், எயார் பில்டரையும் நொசிலையும் பாருங்கள். நீலப்புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னும் வெண்புகை: டீசல் சரியாகப் பற்றவில்லை அல்லது ரேடியேற்றர் நீர் உள்ளே வருகிறது. தேய்ந்த ரிங்கையும் வெடித்த கஸ்கெற்றையும் எந்தத் திரவமும் ஒட்டாது.

செய்ய வேண்டியவை

1. டீசல் பில்டரின் அடியிலுள்ள நீரை வாரம் ஒருமுறை வெளியேற்றுங்கள், மாரியில் அடிக்கடி. பின்னர் கைப்பம்பால் காற்றை எடுத்துவிடுங்கள்.

2. மாலையில் வேலை முடிந்ததும், இயன்றவரை தாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். ஈரம் சேர இடமிராது.

3. பீப்பாயில் சேமித்த டீசலை அடிமட்டம் வரை ஊற்றாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சவும் வேண்டாம். டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

4. பில்டர்களை உரிய காலத்தில் மாற்றுங்கள். நொசில்களைக் கழற்றிச் சோதனை மேசையில் அழுத்தம் பாருங்கள். பாயும் தூறலின் முன் கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைக்கும்.

5. போத்தல் வாங்குவதாயின் அது எந்த வகை, எத்தனை லீற்றருக்கு எவ்வளவு என்று வாசித்து அளந்து ஊற்றுங்கள். பழைய அழுக்குத் தாங்கியில் சுத்தமாக்கி ஊற்றினால் சேறு கிளம்பிப் பில்டர் அடைபடலாம். ஒரு புதுப் பில்டரைக் கையோடு வைத்திருங்கள்.

6. உயர் அழுத்த கொமன் ரெயில் எஞ்சின் உள்ள புதிய வாகனமாயின், உற்பத்தியாளரின் கையேடு அனுமதிக்காத எதனையும் ஊற்றாதீர்கள்.

போத்தல்கள் எல்லாம் ஏமாற்று என்பதல்ல எமது கருத்து. சரியான நோய்க்குச் சரியான அளவில் சில உதவும். ஆனால் ஒரு போத்தலின் விலையை முதலில் ஒரு நல்ல பில்டருக்குச் செலவிடுங்கள். பில்டரையும் நொசிலையும் பார்த்த பின்னும் குறை இருந்தால், அப்போது போத்தலைப் பற்றி யோசிக்கலாம்.