துருவோடை காட்டிய துத்தநாகம்

அலாஸ்காவின் வடமேற்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிய டி லாங் மலைகளில், சில ஓடைகளின் கற்கள் துருவேறிச் சிவந்து கிடந்தன. 1960களில் அந்தப் பக்கம் சிறு விமானம் ஓட்டிய பாப் பேக்கர் அதைக் கவனித்து, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இர்வ் டெய்லரிடம் சொன்னார். 1968இல் டெய்லர் ஓடையில் மாதிரி எடுத்தார். துத்தநாகமும் ஈயமும் அபாரமான அளவில் இருந்தன. பேக்கருடன் விமானத்தில் வரும் செந்நிற நாயின் நினைவாக ஓடைக்கு ரெட் டாக் என்று பெயர் வைத்தார்கள்.

சிவப்புக்குக் காரணம் பைரைட். இந்த இரும்பு சல்பைடில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், இரும்பு துருவாகப் படியும். பக்கத்திலிருக்கும் ஸ்பேலரைட் என்ற துத்தநாக சல்பைடும் சிதைந்து, அதிலுள்ள துத்தநாகம் நீரில் கலந்துவிடும். ஓடையின் ஒரு பகுதியில் சுரங்கம் வருவதற்கு முன்பே மீன்கள் இல்லை.

இந்தத் தாது சுமார் 33 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. அன்று அங்கே கடல். அதன் அடியில் கரிமம் நிறைந்த கருஞ்சேறு. நிலப்பிளவுகள் வழியே உலோகம் கரைந்த உப்புநீர் மேலேறி வந்தது. சேற்றிலிருந்த கந்தகத்தோடு உலோகங்கள் சேர்ந்து சல்பைடுகளாயின. முன்பே படிந்திருந்த பெரைட் என்ற கனிமத்தின் இடத்தையும் அவை பிடித்துக்கொண்டன. இதில் பெரும்பங்கு கடலடித் தரைக்குக் கீழேயே நடந்தது என்பதுதான் முக்கியம். வெளியே வந்திருந்தால் கடல்நீரில் கலந்து சிதறியிருக்கும் உலோகம், சேற்றுக்குள்ளேயே தங்கிச் செறிந்தது. முதலில் தோண்டிய பகுதியில் துத்தநாகம் 17 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பல சுரங்கங்களில் 10 சதவீதமே நல்ல தரம்.

பிறகு புரூக்ஸ் மலைத்தொடர் எழுந்தபோது, பாறை அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தாதுவும் உடைந்து அவற்றோடு நகர்ந்தது. மேலே இருந்த பாறை அரிக்கப்பட்டபின் ஓடைகள் அதைத் தொட்டன.

நிலம் இனுபியாட் மக்களின் நானா நிறுவனத்துடையது. சுரங்கம் 1989இல் தொடங்கியது. சுக்சி கடல்வரை 84 கிலோமீட்டர் சாலை போட வேண்டியிருந்தது. கடலில் பனி விலகிய நூறு நாட்களில் மட்டுமே கப்பல் ஏற்றலாம்.

இயற்கையே கெடுத்த நீர் என்று சுரங்கத்துக்குப் பரிந்து பேசுவதை நான் ஏற்கவில்லை. வெட்டிய பாறை ஒவ்வொன்றிலும் புதிய பைரைட் முகம் திறக்கிறது. அங்கு ஊறும் அமிலநீரைத் தோண்டல் நின்ற பிறகும் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.