அட்டன்பரோ என்னும் குடிப்பெயர்

ஆங்கிலேயரின் குடிப்பெயர்களுட் பல ஊர்ப்பெயரடியாகப் பிறந்தவை. அவற்றுள் அரிதாக வழங்கும் அட்டன்பரோ என்பது நொட்டிங்காஞ்சயரிலே திரெந்து நதியின் மருங்கிலுள்ள சிற்றூரின் பெயர். ‘அட்டா என்பானது அரண்’ என்பது அதன் பழம்பொருள். தன்னூரில் வாழ்வோனை ஊர்ப்பெயராற் சுட்டுதல் பயனின்று. அயலூர் புக்கவனையே பிறர் அங்ஙனம் அழைப்பர். புக்கவர் நெடுந்தொலை செல்லாமையின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இப்பெயர் அவ்வூர்ப் புறங்களிலேயே செறிந்திருந்தது.

இப்பெயருடையார் அனைவரும் ஒரு குடியினரோ? 2009 ஆம் ஆண்டில் லெஸ்ரர்ப் பல்கலைக்கழக அறிஞராகிய கிங், யொப்லிங் என்போர் 40 குடிப்பெயர்களை ஆராய்ந்தனர். தந்தைவழி மைந்தர்க்கு வரும் வை நிறமூர்த்தம் அட்டன்பரோ ஆடவருட் பெரும்பாலார்க்கு ஒத்திருந்தது. சிமித் என்னும் பெயரோ கொல்லுத்தொழில் பற்றி ஊர்தோறுந் தோன்றியதாகலின், ஆண்டு அவ்வொற்றுமை இல்லை. எனவே, பெயரொன்றாதல் மாத்திரையாற் குலமொன்றாகாது. பெயர் அரிதாகுந்தோறும் உறவுண்மைக்கு இடன் மிகும்.