நெஞ்சு வலி கைக்குப் போவது ஏன்?

மாரடைப்பு வந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு விரலால் தொட்டுக் காட்டமாட்டார். உள்ளங்கையையோ மடக்கிய முஷ்டியையோ நடு நெஞ்சில் வைத்து, "இங்க அழுத்துது, இறுக்கிப் பிடிக்குது" என்பார். இடது கை கடுக்கிறது, தாடை இழுக்கிறது என்பார். கையிலும் தாடையிலும் ஒரு கோளாறும் இருக்காது. ரத்தம் கிடைக்காமல் தவிப்பது இதயத் தசைதான்.

இதற்கான விடை தண்டுவடத்தில் இருக்கிறது. இதயத்தின் வலியைச் சுமந்து வரும் நரம்புகள் மேல்மார்புப் பகுதியில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்புகளில் சிலவும் அங்கேயே வந்து சேர்கின்றன. அதன்பின் மூளைக்குப் போகும் பாதை இரண்டுக்கும் பொது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அழைப்பு மணி இருப்பதுபோல. கையிலிருந்து சேதி வந்து மூளைக்குப் பழக்கம். இதயத்திலிருந்து வருவது அபூர்வம். ஆகவே மணி அடித்ததும் பழகிய வீட்டையே எட்டிப் பார்க்கிறது.

உணவுக்குழாயின் நரம்புகளும் இதே பகுதிக்குத்தான் வருகின்றன. அந்தக் குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இறங்குகிறது. அதனால் இரைப்பை அமிலம் மேலேறி வந்து எரிக்கும்போதும் நெஞ்சைப் பிடிக்கிறது. "வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாப்போயிடும்" என்று நம் வீடுகளில் சொல்வது இங்கேதான் ஆபத்தாகிறது. ஏப்பம் வந்து சற்று இதமானால் இதயம் நலம் என்று முடிவு கட்டவே கூடாது.

இதயத்துக்கு ரத்தம் போதாத சிலருக்கு, நடந்தால், அதிலும் மேடேறினால், சாப்பிட்டவுடன் நடந்தால் நெஞ்சு வலிக்கும், நின்றால் விட்டுவிடும். இந்த வலியை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-இல் துல்லியமாக விவரித்தார். அதைத் தணிக்கும் மருந்து வெடிமருந்திலிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு. நைட்ரோகிளிசரினை 1879-இல் வில்லியம் மரல் என்ற மருத்துவர் நெஞ்சு வலிக்குப் பரிந்துரைத்தார். அதே பொருளிலிருந்து டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கு, அவர் இறந்த 1896-ஆம் ஆண்டில், மருத்துவர்கள் அதையே எழுதிக்கொடுத்தார்கள். அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசே கிடைத்தது.

நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால் நேரே ரத்தத்தில் கலக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ஆண்மைக்குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இது உயிராபத்து. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரும் தொடக்கூடாது. இதில் வலி குறைந்தால் இதய வலி என்றும் அடித்துச் சொல்ல முடியாது. உணவுக்குழாய்த் தசையின் இறுக்கத்தையும் இது தளர்த்திவிடும்.

விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பு வீங்கினாலும் நெஞ்சு குத்தும். அந்த இடத்தை அழுத்தினால் அதே வலி எழும். ஒத்தடமும் ஓய்வும் வலி மாத்திரையும் போதும். நெஞ்செரிச்சல்காரர்கள் இரவு உணவை முன்னதாக முடித்து, தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் இதமாக இருக்கும். பதற்றத்திலும் நெஞ்சு அடைக்கும். இதயம் சரியாக இருப்பது உறுதியான பிறகே அந்தப் பெயரைச் சொல்லலாம்.

அழுத்தும் வலி சில நிமிடங்களில் விடாமல், வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஒவ்வாமையோ ரத்தக் கசிவுத் தொல்லையோ இல்லாதவருக்கு, மருத்துவ உதவியாளர் சொன்னால், ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். முதல் ஈசிஜி சரியாக வந்தாலும் சில மணி நேரம் இருத்திவைத்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள்; சேதமான இதயத் தசையிலிருந்து அந்தப் புரதம் ரத்தத்தில் ஏறச் சற்று நேரமாகும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போய் வலியே வராமலும் போகலாம். காரணமில்லாத வியர்வை, திடீர் களைப்பு, மூச்சிரைப்பு மட்டும் வந்தாலும் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.