மருந்து வெளியேறும் வழி

வலை இழுத்த தோள்வலி தீர ஒரு மாத்திரையை விழுங்கிப் படுத்துக்கொள்வது பெரியதாழை போன்ற நெய்தல் நிலத்து ஊர்களில் புதிதன்று. வலி போயிற்றா என்று கேட்கும் நாம், மாத்திரை எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

நாட்டு வழக்கில் குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகங்கள் கைமுட்டி அளவே உள்ளவை. ஆயினும் இருதயம் வெளிவிடும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றிற்கே செல்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகுழல்கள் உள்ளன. நாளொன்றுக்கு இவை வடிக்கும் நீர் சுமார் 180 லிட்டர். ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் மறுபடி இரத்தத்திலேயே சேரும். வலைக்கண்ணில் பொடிமீன் நழுவுவதுபோல் மருந்தின் நுண்கூறுகள் இவ்வடிகட்டியில் நழுவிவிடும். இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டவை நழுவமாட்டா. கொழுப்பில் கரைபவையோ புறப்பட்டும் பாதிவழியில் திரும்பிவிடும். ஈரல் அவற்றை நீரில் கரையும்படி மாற்றித் தந்தாலன்றி வெளியேறா.

வேறு சில மருந்துகளைக் குழலின் சுவரே பிடித்து வெளியே தள்ளுகிறது. பெனிசிலின் அவ்வகையது. 1941-ல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரருக்கு அதைச் செலுத்தியபோது, அது விரைவில் சிறுநீரில் போய்விட்டது. வைத்தியர்கள் அச்சிறுநீரைச் சேர்த்து, மருந்தைப் பிரித்து, மீண்டும் ஊசியிட்டனர்! அப்படியும் மருந்து தீர்ந்துபோக, அவர் மாண்டார்.

வலி மாத்திரையின் சங்கதி வேறு. டைக்ளோஃபெனாக்கைப் பெரும்பாலும் ஈரலே சிதைத்துவிடுகிறது, தொல்லை வேறிடத்தில். வியர்வையால் உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்திற்கு இரத்தம் கொணரும் நாளம் சுருங்காதபடி உடல் சில இரசாயனங்களைச் சுரக்கும். இம்மாத்திரை அச்சுரப்பையே தடுக்கிறது. நாள் முழுதும் கடல் வெயிலில் காய்ந்து, தண்ணீரும் போதாமல் கரையேறியவன் வெறும் வயிற்றில் அடுத்தடுத்து இதை விழுங்கினால் சிறுநீரகம் சோர்ந்துவிடக்கூடும். பிறகு, அதன் வழியாகவே வெளியேற வேண்டிய பிற மருந்துகளும் உள்ளே தேங்கும். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து வைத்தியர் மருந்தின் அளவைக் குறைப்பது இதனால்தான். கடைக்காரரிடம் அந்தக் கணக்கு ஏது?

இம்மருந்தின் வலிமையை நம் நாடு அறிந்தது ஜடாயுவின் குலத்தைப் பறிகொடுத்த பின்னரே. 1990-களிலிருந்து பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன; மூன்று இனங்களில் 100-க்கு 95-க்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு ஊசியிட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-ல் வெளியாயிற்று. 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை இன்றும் கூடு கட்டுகின்றன.